கொலைகாரன் யார் என்பதை கமென்ட்டே சொல்லிவிடும்: த்ரில்லர் எழுதுகிறவர்களுக்குக் கூகுள் டாக்ஸ் எப்படி?

முதல் த்ரில்லரை எழுதி முடித்து, அதைச் சக எழுத்தாளர்களிடம் கொடுத்து ஒளிவுமறைவில்லாத கருத்துக் கேட்க நினைப்பவர்கள் பெரும்பாலும் திறப்பது கூகுள் டாக்ஸைத்தான். லிங்க் அனுப்பினால் போதும். கணினியில் எதையும் நிறுவ வேண்டாம், போனிலும் படிக்கலாம், வரிக்குப் பக்கத்திலேயே கமென்ட் போடலாம். கட்டுரைக்கோ குடும்பக் கதைக்கோ இந்த வசதிகளில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. த்ரில்லர் விஷயம் வேறு. வாசகருக்கு எது எப்போது தெரியவருகிறது என்பதுதான் இங்கே சரக்கு. ஒருவர் போட்ட கமென்ட் எல்லோர் கண்ணிலும் படும் என்கிற டாக்ஸின் ஆகப் பெரிய வசதி, அந்தச் சரக்கை முதல் நாளே கெடுத்துவிடுகிறது.

எப்படிக் கெடுக்கிறது என்று பாருங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் முதல் வாசகர் "எனக்கு இந்தத் தோட்டக்காரர் மேல்தான் சந்தேகம்" என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்கிறார். இரண்டாமவர் அந்தப் பக்கத்துக்கு வரும்போது தோட்டக்காரர் பெயரின் மேல் மஞ்சள் பட்டை, பக்கத்தில் அந்தச் சந்தேகம். அதற்குப் பிறகு அவர் படிப்பது எழுத்தாளர் எழுதிய கதையை அல்ல, முதல் வாசகர் சொல்லிக்கொடுத்த கதையை. மூன்றாமவர் வந்து "எனக்கும் அப்படித்தான் தோன்றியது" என்று ஒத்து ஊதுவார். மூன்று பேருமே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எழுத்தாளர் மிரண்டு, நன்றாக இருந்த துப்பை அழித்துவிடுவார். உண்மையில் கண்டுபிடித்தவர் ஒரே ஒருவர்.

இதற்கு டாக்ஸுக்குள் ஸ்விட்ச் ஏதும் கிடையாது. கமென்டர் அனுமதி பெற்ற எவரும் மற்ற எல்லோருடைய கமென்ட்டையும் பார்க்கலாம். வியூவர் அனுமதி கொடுத்தால் கமென்ட்கள் தெரியாது; ஆனால் அவரால் கமென்ட் போடவும் முடியாது. ஆகவே ஒரே வழி, ஆளுக்கு ஒரு காப்பி. நான்கு வாசகர் என்றால் நான்கு கோப்பு. கேட்க அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இதைச் செய்யாமல் வாங்கும் கருத்தில் "எந்த இடத்தில் யாரைச் சந்தேகப்பட்டார்கள்" என்ற பகுதிக்கு மதிப்பே இல்லை.

மூலப் பிரதியை யாருக்கும் பகிராமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திறந்து, ஃபைல் மெனுவில் 'மேக் எ காப்பி'. வரும் பெட்டியில் இரண்டு டிக்குகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பழைய கோப்பைப் பகிர்ந்த அதே ஆட்களோடு இதையும் பகிரவா என்று கேட்பது. இன்னொன்று, கமென்ட்களையும் சஜஷன்களையும் சேர்த்து நகலெடுக்கவா என்று கேட்பது. இரண்டும் காலியாக இருக்கட்டும். காப்பியோடு பழைய வெர்ஷன் ஹிஸ்டரி வராது என்பது இங்கே நமக்கு லாபம்: நீங்கள் வெட்டி எறிந்த பழைய முடிவை யாரும் தோண்டி எடுக்க முடியாது. பிறகு ஷேர் பொத்தானில் அந்த ஒரு வாசகரின் மின்னஞ்சலை மட்டும் சேர்த்து கமென்டர் என்று வைத்து, பொது அணுகலை 'ரெஸ்ட்ரிக்டட்' என்றே விடுங்கள். லிங்க் உள்ள யாரும் கமென்ட் போடலாம் என்று திறந்து வைத்தால், உள்நுழையாமல் வருபவர்கள் பெயரில்லாமல் வருவார்கள். மேலே மூலையில் ஏதாவது ஒரு விலங்கின் படம் மட்டும் தெரியும். எந்தக் கருத்தை எந்த விலங்கு சொன்னது என்று பிறகு துப்பறிய வேண்டியிருக்கும்.

எடிட்டர் அனுமதியை யாருக்கும் கொடுக்காதீர்கள். எடிட்டர் என்றால் வெர்ஷன் ஹிஸ்டரியைப் பார்க்கலாம். செட்டிங்கில் நீங்கள் தடுக்காவிட்டால் மற்றவர்களையும் உள்ளே சேர்க்கலாம். கமென்டருக்கு இந்த இரண்டும் இல்லை.

அடுத்த பொறி இடது பக்கம் இருக்கிறது. அத்தியாயத் தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைல் கொடுத்திருந்தால் டாக்ஸ் அவற்றைத் தானாகவே அவுட்லைனில் வரிசையாகக் காட்டும். "அத்தியாயம் 31: மாறனின் வாக்குமூலம்" என்று அழகாகப் பெயர் வைத்திருந்தால், முதல் பக்கத்தைத் திறந்தவுடனே வாசகருக்கு நாவல் முடிந்தது. ஒரு கோப்பைப் பல பகுதிகளாகப் பிரித்து வைக்க 2024-இல் வந்த டேப் வசதியிலும் இதே கதைதான். ஒவ்வொரு டேப்பின் பெயரும் பக்கவாட்டில் பல்லிளிக்கும். வாசகர் காப்பியில் அத்தியாயங்களுக்கு வெறும் எண் போதும். கோப்பின் பெயரையும் பாருங்கள். 'தம்பிதான் கொலைகாரன் - திருத்தியது 4' என்ற பெயர் அறிவிப்பு மின்னஞ்சலின் தலைப்பிலேயே போய் நிற்கும்.

முழு நாவலையும் ஒரே கோப்பாகக் கொடுக்கலாமா? இடம் போதாதோ என்ற கவலை வேண்டாம். ஒரு டாக்ஸ் கோப்பு சுமார் 10 லட்சத்து 20 ஆயிரம் எழுத்துக் குறிகள் வரை தாங்கும். சராசரி நாவல் அதற்குள் அடங்கிவிடும். ஆனாலும் பிரித்துக் கொடுப்பதுதான் சரி. மூன்று அல்லது நான்கு பகுதியாக வெட்டி, ஒரு பகுதிக்கான பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்ப வேண்டும். வெட்டும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். கதாநாயகி இருட்டு அறைக்குள் மாட்டிக்கொள்ளும் உச்சத்தில் வெட்டினால் வரும் பதில் ஒன்றே ஒன்று: "அடுத்தது எப்போது?" கேட்கச் சுகமாக இருக்கும், உபயோகம் இல்லை. ஒரு துப்பு வெளிப்பட்டு, சந்தேகம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும் காட்சி முடிந்த இடத்தில் வெட்டுங்கள். அங்கே நிறுத்தினால் வாசகர் யோசிக்கிறார். உங்களுக்கு வேண்டியது அந்த யோசனை.

அந்த யோசனையை வாங்க டாக்ஸ் கமென்ட்டைவிட கூகுள் ஃபார்ம்ஸ் மேல். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு ஃபார்ம் லிங்க். பதில் வந்த நேரம் தானாகவே பதிவாகும், ஒருவர் பதிலை இன்னொருவர் பார்க்க முடியாது. எல்லோர் பதில்களின் தொகுப்பையும் காட்டும் 'ரிசல்ட்ஸ் சம்மரி' செட்டிங் மட்டும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அனுப்பிய பதிலைத் திருத்தும் அனுமதியும் கூடாது. அது இருந்தால், கடைசி அத்தியாயம் படித்தவர் திரும்பிப் போய் "எனக்கு அப்போதே தெரியும்" என்று மாற்றி எழுதிவிடுவார். மனித சுபாவம்.

கேள்வி ஐந்துக்கு மேல் போக வேண்டாம். இப்போது யார் மேல் சந்தேகம், எந்த வரியைப் படித்தபோது வந்தது? அந்தச் சந்தேகம் 1 முதல் 5 வரை எவ்வளவு உறுதி? படிப்பதை எந்த இடத்தில் கீழே வைத்தீர்கள்? எந்தப் பெயர் யாருடையது என்று குழம்பியது? இதுவரை நடந்ததை ஐந்து வரியில் சொல்ல முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வி தங்கம். வாசகர் எழுதும் ஐந்து வரியில் நீங்கள் மாங்கு மாங்கென்று எழுதிய வங்கி லாக்கர் காட்சியே இல்லை என்றால், அந்தக் காட்சியில் வைத்த துப்பு அவர் மனதில் இறங்கவே இல்லை என்று அர்த்தம். "லாக்கர் காட்சி எப்படி இருந்தது?" என்று நேரே கேட்டிருந்தால் "நன்றாக இருந்தது" என்றுதான் சொல்லியிருப்பார், கூடவே லாக்கர் முக்கியம் என்பதையும் நீங்களே போட்டு உடைத்திருப்பீர்கள்.

வரி வரியான கமென்ட்டில் டாக்ஸை மிஞ்ச ஆளில்லை. வரியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஆல்ட், எம் மூன்றையும் அழுத்தினால் பெட்டி வந்துவிடும். தட்டச்சு செய்ய நேரமில்லாத வாசகருக்கு, தேர்ந்தெடுத்த வரியின் பக்கத்திலேயே ஈமோஜி போடும் வசதி இருக்கிறது. மூன்று குறிகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் போதும்: தூங்கும் முகம் என்றால் அலுத்தது, கேள்விக்குறி என்றால் புரியவில்லை, கண் இரண்டும் என்றால் இங்கே ஏதோ இருக்கிறது. வாசிப்பை நிறுத்தாமல் தட்டிக்கொண்டே போகலாம். நான்கு காப்பியிலும் ஒரே பத்தியில் தூங்கும் முகம் விழுந்திருந்தால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆனால் கருவி நன்றாக இருந்து என்ன, அதில் எழுதுவது சரியாக இருக்க வேண்டுமே. இப்படி ஒரு பத்தி என்று வைத்துக்கொள்வோம்:

"கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனபோது சுவர்க் கடிகாரம் 11.10 காட்டியது. வினோதா தரையில் கிடந்தாள். மாறன் அவள் கையைத் தூக்கப் பார்த்தான். உடல் முழுவதும் கட்டை போல விறைத்திருந்தது."

வாசகர் ஒருவர் இதற்குப் போட்ட கமென்ட்: "செம சீன்!" இது முதுகில் தட்டிக்கொடுப்பது. இன்னொருவர்: "எனக்கு இந்த இடம் ஏதோ ஒட்டவில்லை, மாறனை அழவைத்துப் பாருங்கள்." இதில் பாதி பொன், பாதி பதர். ஒட்டவில்லை என்று அவர் விரல் வைத்த இடம் அநேகமாகச் சரி. அவர் எழுதித் தரும் மருந்து அநேகமாகத் தப்பு. இடத்தை எடுத்துக்கொண்டு மருந்தை விட்டுவிட வேண்டும். மூன்றாமவர்: "அத்தியாயம் 9-இல் வினோதா 9 மணிக்குப் போனில் பேசுகிறாள். இங்கே 11.10. அதிகபட்சம் இரண்டு மணி பத்து நிமிடம்தான் ஆகியிருக்கிறது. விறைப்பு பொதுவாக இறந்து 2 முதல் 4 மணி நேரத்துக்குள் இமை, தாடை என்று தொடங்கும்; உடல் முழுக்கப் பரவ ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும். வெப்பம் அதிகமானால் சீக்கிரம் வரும், ஆனால் இவ்வளவு சீக்கிரமா? போனில் பேசியது வினோதா இல்லை என்பதற்கான துப்பா இது? அப்படியென்றால் அருமை, மாறன் இதைக் கவனிக்காததுதான் உறுத்துகிறது. துப்பு இல்லையென்றால் நேரம் இடிக்கிறது."

மூன்றாவது கமென்ட் போடுபவர் கிடைத்தால் விடாதீர்கள். அவர் முந்தைய அத்தியாயத்தின் எண்ணைச் சொல்கிறார், காரணம் சொல்கிறார், பிழையா துப்பா என்ற இரண்டு வழியையும் திறந்து வைக்கிறார், எப்படித் திருத்துவது என்பதை எழுதுகிறவரிடமே விட்டுவிடுகிறார். நீங்கள் அடுத்தவர் நாவலுக்குக் கருத்துச் சொல்லும்போதும் இதே அளவுகோல்தான். கொடுக்கல் வாங்கலில் கொடுப்பது பூசி மெழுகலாக இருந்தால் திரும்பி வருவதும் அப்படித்தான் வரும்.

டாக்ஸில் உண்மையாகவே எரிச்சல் தருவது சஜஸ்டிங் மோட், அதாவது வாசகர் செய்யும் திருத்தங்களை மூல வரியின் மேலேயே யோசனையாகக் காட்டும் முறை. 2014-இல் வந்தபோது பெரிய வரப்பிரசாதம் என்று கொண்டாடப்பட்ட வசதி; கடைசிக்கட்டப் பிழைதிருத்தலுக்கு இன்றும் அப்படித்தான். ஆனால் கமென்டர் அனுமதி கொடுத்தால் இதுவும் சேர்ந்தே வரும், தனியாக அணைக்க முடியாது. எழுத்தாளர் கையில் இன்னொருவர் வாக்கியத்தைக் கொடுத்தால் கை சும்மா இருக்குமா? ஒற்று மிகும், மிகாது என்று முதல் அத்தியாயத்திலேயே அறுபது பச்சை வரி விழும். கதை பற்றி ஒரு வரி இருக்காது. நாளைக்கு அந்த அத்தியாயமே போய்விடலாம், அதற்குள் அதன் ஒற்றுகளைச் சரிபார்த்து என்ன பயன்? முதல் சுற்றில் வாக்கியத்தைத் தொட வேண்டாம் என்று கோப்பின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். ஒற்றுக்கு நாவி, எழுத்துப்பிழைக்கு வாணி என்று தமிழுக்குக் கருவிகள் இருக்கின்றன, அதெல்லாம் கடைசியில்.

கமென்ட்டுக்கு மேலே இருக்கும் டிக் குறியும் ஒரு வில்லங்கம். அதைத் தட்டினால் கமென்ட் மறையும், 'தீர்க்கப்பட்டது' என்று அதைப் போட்டவருக்கு அறிவிப்புப் போகலாம். அரை மணி நேரம் யோசித்து எழுதிய கருத்தை இரண்டு நிமிடத்தில் டிக் அடித்து மூடினால் வாசகர் முகம் சுருங்கத்தான் செய்யும். அந்தந்த கமென்ட்டின் கீழேயே "நான் அப்படி எழுதியதற்குக் காரணம் என்னவென்றால்" என்று மல்லுக்கு நிற்பது அதைவிட மோசம். அடுத்த பகுதியில் அவர் வாயைத் திறக்க மாட்டார். எல்லாப் பகுதியும் முடியும்வரை டிக்கும் வேண்டாம், பதிலும் வேண்டாம். அவர் படிக்கும் நேரத்தில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அவருடைய கர்சர் எங்கே நிற்கிறது என்று வேடிக்கை பார்ப்பதையும் தவிர்க்கலாம். உங்கள் படமும் அவருக்கு மேலே தெரியும். எழுதியவர் தோளுக்குப் பின்னால் நின்றால் எவரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள்.

நான்கு காப்பியிலிருந்தும் கருத்துகளை ஒன்று சேர்ப்பதுதான் இந்த முறையின் விலை. டூல்ஸ் மெனுவில் 'கம்பேர் டாக்குமென்ட்ஸ்' இருக்கிறது. தேர்ந்தெடுக்கும் கோப்பின் கமென்ட்களையும் சேர்த்துக்கொள் என்று டிக் போடலாம். ஆனால் ஒரு நேரத்தில் இரண்டு கோப்பைத்தான் ஒப்பிடும், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு கோப்பை உண்டாக்கும். நான்கு வாசகருக்கு இது நடைமுறைக்கு ஒத்துவராது. கூகுள் ஷீட்ஸில் ஒரு அட்டவணை போதும்: வரிசைக்கு ஒரு காட்சி, நெடுவரிசைக்கு ஒரு வாசகர். இருவர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்திருந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது. ஒருவர் மட்டும் என்றால் வட்டம் போட்டு வைத்துவிட்டு நகருங்கள். நால்வரில் ஒருவர் பாதியிலேயே கொலைகாரனைப் பிடித்துவிட்டார் என்றால் கவலை வேண்டாம், அவர் அப்படிப்பட்ட வாசகர். நால்வரும் பிடித்தால் துப்பு உரக்கக் கத்துகிறது. யாருமே பிடிக்கவில்லை, முடிவைப் படித்த பிறகும் "இதற்கு முன்னால் அறிகுறியே இல்லையே" என்கிறார்கள் என்றால் அது வெற்றி இல்லை. துப்பை வைக்கவே மறந்திருக்கிறீர்கள்.

திருத்தும்போது ஒரு விஷயம். கமென்ட் உள்ள பத்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்டினால் கமென்ட் ஓரத்திலிருந்து காணாமல் போகலாம். அப்படிப் போனால் கமென்ட் ஹிஸ்டரியில் மூல வரி அழிக்கப்பட்டது என்ற குறிப்போடு மட்டும் கிடக்கும். த்ரில்லரில் காட்சிகளை இடம் மாற்றுவதுதான் பாதி வேலை. ஆகவே வாசகர் காப்பியில் கை வைக்காதீர்கள். அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு மூலப் பிரதியில் திருத்துங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு பள்ளம் உண்டு. வாசகர்கள் மாறன், மாதவன் இரண்டும் குழம்புகிறது என்றார்கள், நீங்கள் 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' போட்டு 'மாறன்' என்பதை 'முகிலன்' ஆக்குகிறீர்கள். புள்ளி வைத்த 'மாறன்' மட்டும் மாறும். மாறனை, மாறனுக்கு, மாறனிடம், மாறனோடு, மாறனின், மாறனும், மாறனா எல்லாம் அப்படியே நிற்கும், ஏனென்றால் உருபோ இடைச்சொல்லோ ஏறியதும் அந்தப் புள்ளி போய்விடுகிறது. வேறு கதையில் இது சில்லறைப் பிழை. த்ரில்லரில் 22-ஆம் அத்தியாயத்தில் திடீரென்று ஒரு 'மாறனுக்கு' தலைகாட்டினால், முகிலனுக்கு இன்னொரு பெயர் இருக்கிறது போலும் என்று வாசகர் அதையே துப்பாகப் பிடித்துக்கொண்டு கடைசிவரை ஓடுவார். ஒவ்வொரு உருபையும் தனித்தனியாகத் தேடி மாற்றுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பிரதியை ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டவும்.

மாற்று இருக்கிறதா? மைக்ரோசாஃப்ட் வேர்டில் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவதால் ஆளுக்கு ஒரு காப்பி என்பது இயல்பாகவே அமைந்துவிடுகிறது. திரும்பி வந்தவற்றை ஒன்றாக்க ரிவ்யூ மெனுவில் 'கம்பைன்' இருக்கிறது, டாக்ஸின் கம்பேரைவிடக் கைக்கு அடக்கமானது. ஆனால் வாசகர்கள் பெரும்பாலும் போனில் படிப்பவர்கள் என்றால் வேர்டு சரிப்படாது. விமர்சனம் செய்து புள்ளி சேர்த்து, அந்தப் புள்ளியைச் செலவழித்துத் தன் எழுத்துக்கு விமர்சனம் வாங்கும் தளங்கள் ஆங்கிலத்தில் உண்டு. ஸ்க்ரிபோஃபைலில் அந்தப் புள்ளிக்கு 'கர்மா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், பொருத்தம்தான். முதல் அத்தியாயத்தைச் சோதிக்க அந்த மாதிரி இடம் நல்லது. 14-ஆம் அத்தியாயத்தைப் படிக்க வருபவர் 3-ஆம் அத்தியாயத்தைப் படித்திருப்பார் என்ற உறுதி இல்லாத இடத்தில், துப்பு வேலை செய்கிறதா என்று சோதிக்க முடியாது.

எந்தக் கருவியானாலும், முடிவைத் தெரிந்துகொண்ட வாசகர் அந்த நாவலுக்குத் தீர்ந்துபோன வாசகர். ஆறு பேர் கிடைத்தால் ஆறு பேருக்கும் முதல் வரைவையே அனுப்பிவிடாதீர்கள். மூன்று பேரைத் திருத்திய இரண்டாம் வரைவுக்கு மிச்சம் வையுங்கள். முதல் சுற்று முடிந்ததும் ஒவ்வொரு காப்பியையும் கமென்ட்டோடு வேர்டு (டாக்எக்ஸ்) கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு, பகிர்வை நீக்கிவிடலாம். பதிவிறக்கத்தையும் அச்சையும் செட்டிங்கில் முதலிலேயே தடுத்திருந்தாலும், திரையைப் படம் பிடிப்பதை அது தடுக்காது. ஆகவே கடைசிப் பகுதியையாவது நம்பகமானவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள்.